நாரி நோவா, மெத்தையா? மெமரி ஃபோமில் எந்தக் குறைக்கு எதைப் பார்ப்பது

திருகோணமலையில் குஷன் வேலையும் மெத்தை வேலையும் செய்கிறேன். எனக்கு வருகிற முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "தம்பி, புது மெத்தை எடுத்து ரெண்டு மாசமும் ஆகல்ல, விடிய எழும்பினா நாரியை நிமிர்த்த ஏலாமல் கிடக்கு." போய்ப் பார்த்தால் மெத்தையில் பழுது இருப்பது குறைவு. கட்டில் பலகை, தலையணை, அறைச் சூடு, இந்த மூன்றில் ஒன்றுதான் அதிகமாக அகப்படும். மெத்தைதான் காரணம் என்று முடிவானாலும், அது பெரும்பாலும் அந்த ஆளின் எடைக்கோ படுக்கிற விதத்துக்கோ பொருந்தாத மெத்தையாக இருக்கும்.

இங்கே பேசுவது மெமரி ஃபோம் மெத்தை பற்றி, அதாவது சூட்டிலும் எடையிலும் இளகி உடம்பின் வடிவுக்கு இறங்கி, எடுத்தால் மெல்ல மேலே வரும் ஃபோம். உங்கள் குறைக்குரிய தலைப்பிலிருந்து தொடங்குங்கள். செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கிறது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மூன்று நாலு இரவு படுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கைகொடுத்தது என்று தெரியாமல் போகும்.

மெத்தையை விடுங்கள், முதலில் வைத்தியரிடம் போங்கள்

சில நோக்களை மெத்தையால் தீர்க்க முடியாது. நாரி நோவோடு கால் பலமிழந்தால், இரு தொடைகளின் உட்பக்கமும் மலவாசலைச் சுற்றிய இடமும் மரத்துப்போனால், சிறுநீர் போகாமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ அது அவசரம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

விழுந்து அடிபட்ட பிறகு வந்த நோ, காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிவதோடு வரும் நோ, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் நோ, எப்படித் திரும்பிப் படுத்தாலும் இரவில் தணியாத நோ, முழங்காலுக்குக் கீழ்வரை இழுக்கும் நோ, இவற்றையும் வைத்தியர் பார்க்க வேண்டும். காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் மாதக்கணக்கில் நீடித்தால், குறிப்பாக இளவயதினருக்கு, அது வாதம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதற்கு எத்தனை மெத்தை மாற்றினாலும் பலனில்லை.

விடியற்காலையில் நாரி நோ, நடமாடினால் அரை மணிக்குள் குறைகிறது

படுக்கையைச் சந்தேகிக்க வேண்டிய நோ இதுதான்.

*கட்டில்*

மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலின் நடுவில் முழங்காலை ஊன்றி அமத்திப் பாருங்கள். பலகை வளைகிறதா? கிறீச்சிடுகிறதா? இரண்டு குறுக்குப் பலகைகளுக்கு இடையில் உங்கள் நாலு விரலும் சேர்ந்து போகிறதா? 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மெமரி ஃபோம் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கும். 5 அடிக்கு மேல் அகலமான கட்டிலுக்கு நடுவில் ஒரு கால் இல்லாவிட்டால் நடுச்சட்டம் தொய்யும். ஊரில் பழைய முதிரைக் கட்டில்கள் நிறைய உண்டு. சட்டம் இரும்பாய் இருக்கும், ஆனால் உள்ளே போட்ட பலகை எப்போதோ உடைந்து, கையில் கிடைத்ததைப் போட்டு அடித்திருப்பார்கள். தும்பு மெத்தை விறைப்பானது, அந்தக் குறையை மறைத்துக்கொண்டிருக்கும். மெமரி ஃபோம் மறைக்காது.

சந்தேகம் என்றால் மெத்தையைத் தரையில் போட்டு மூன்று இரவு படுங்கள். நோ குறைந்தால் கட்டில்தான் காரணம். குறுக்குப் பலகைகளுக்கு மேல் போட 12 மில்லிமீற்றர் பிளைவூட் போதும். தாள் 8 அடிக்கு 4 அடி அளவில் வரும், ஆகவே 6க்கு 5 கட்டிலுக்கு இரண்டு துண்டாக வெட்ட வேண்டியிருக்கும். பொருத்து ஒரு குறுக்குப் பலகைக்கு மேல் வரும்படி தச்சரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே புதிதாக ஒரு பள்ளம் விழும். காற்றுப் போக அங்கங்கே துளை போடவும் சொல்லுங்கள். தரைப் பரீட்சை முடிந்ததும் மெத்தையைத் திரும்பக் கட்டிலில் ஏற்றிவிடுங்கள். மாரியில் எங்கள் தரை வியர்க்கும், அடியில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் எடுக்காது.

*சூடு*

தரையிலும் அதே நோ என்றால் அடுத்தது இது. மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஏசி போட்ட கடையில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்து "நல்ல இறுக்கம்" என்று எடுத்து வருகிறீர்கள். வீட்டு அறை பகல் முழுக்க ஓட்டுக்கும் தகட்டுக்கும் கீழே வெந்திருக்கும். இரவு பத்து மணிக்கு அதே மெத்தை ஒரு படி மிருதுவாகியிருக்கும், இடுப்பு உள்ளே போய் நாரி வளையும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: கச்சான் காற்று அடிக்கிற வைகாசியிலிருந்து ஆவணி வரை நோ கூடி, மார்கழி மழையில் குறைகிறதா? ஆம் என்றால், படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே யன்னலைத் திறந்து, விரிப்பை எடுத்துவிட்டு, ஃபேனை மெத்தைக்கு நேரே விடுங்கள். அதிலும் சரிவராவிட்டால் மெத்தை உங்கள் எடைக்கு மிருது. அதை மாற்றும்போது என்ன பார்ப்பது என்பது கீழே இருக்கிறது.

*குழி*

விரிப்பை எடுத்துவிட்டு, நேரான தும்புத்தடிக் கம்பை மெத்தையின் குறுக்கே, இடுப்பு படுகிற இடத்தில் வையுங்கள். யாரும் மெத்தையில் ஏறக் கூடாது. கம்புக்கும் மெத்தைக்கும் இடையில் உள்ள ஆழத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். 2 சென்ரிமீற்றர் வரை உடம்பின் அச்சு விழுவது வழமை. 4 சென்ரிமீற்றர், அதாவது ஒன்றரை அங்குலம் வந்துவிட்டால் அந்த ஃபோம் களைத்துவிட்டது. இந்த இரண்டு அளவுக்கும் இடையில் நின்றால் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டு ஒரு மாதம் பாருங்கள். மேல் கீழாகப் புரட்டக் கூடாது. பெரும்பாலான மெமரி ஃபோம் மெத்தைகளில் மேல் அடுக்கு மட்டுமே மெமரி ஃபோம். புரட்டினால் அடியில் உள்ள கடின ஃபோமில் படுப்பீர்கள்.

*படுக்கும் விதம்*

மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. பக்கமாகப் படுப்பவர் இரண்டு முழங்காலுக்கும் இடையில் ஒன்று. குப்புறப் படுப்பவருக்கு எந்த மெத்தையும் நாரியைக் காப்பாற்றாது. பழக்கத்தை விட ஏலாவிட்டால் வயிற்றுக்குக் கீழே ஒரு மெல்லிய தலையணையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

*"வெறும் பலகையில் படு" என்கிறார்களே*

பெரியவர்கள் இதைச் சொல்லாத வீடு கிடையாது. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் ஆய்வு ஒன்று வந்தது. நாட்பட்ட நாரி நோ உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கடின மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே நோவும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. பலகை வேண்டாம், பஞ்சுப் பொதியும் வேண்டாம்.

*மெத்தைக்கு மேல் மெத்தை*

குழி விழுந்த மெத்தைக்கு மேல் 2 அங்குல மேல்மெத்தை வாங்கிப் போடுவது காசைக் கடலில் போடுகிற வேலை. அதுவும் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கும். மேல்மெத்தை உதவுவது கீழே உள்ளது மட்டமாகவும் அளவுக்கு மீறிக் கடினமாகவும் இருக்கும்போது மட்டும்.

புது மெத்தையில் முதல் இரண்டு மூன்று கிழமை உடம்பு பழக எடுக்கும். அதற்குள் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். ஆறு கிழமைக்குப் பிறகும் மேலே சொன்ன எதற்கும் நோ அசையவில்லை என்றால், மெத்தைக்குச் செலவழிக்கும் முன் வைத்தியரைக் கண்டு, தேவையானால் பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள்.

தோளும் இடுப்பு எலும்பும் நோகிறது, பக்கம் மாறி மாறிப் புரள்கிறேன்

நாரி நோவுக்கு நேரெதிர். மெத்தை கடினம், தோள் உள்ளே இறங்க இடமில்லை. ஏசி அறை என்றால் முதலில் இரண்டு பாகை கூட்டிப் பாருங்கள், மெமரி ஃபோம் குளிரில் இறுகும் என்று சொன்னேனே. அடுத்து, மெத்தையை இறுக்கிப் பிடித்திருக்கும் தடித்த பாதுகாப்பு உறையைக் கழற்றிப் பாருங்கள். வியர்வைக்காகப் பன்பாயை மெத்தைக்கு மேல் விரித்துப் படுப்பவர்கள் பலர். படுக்கக் குளிர்ச்சிதான், நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் உடம்பின் சூடும் வளைவும் பாயைத் தாண்டி ஃபோமுக்குப் போகாது. மெமரி ஃபோமுக்குக் கொடுத்த காசு பாய்க்குக் கீழே சும்மா கிடக்கும். இவை எதுவும் உதவாவிட்டால், இங்கேதான் 2 அங்குல மேல்மெத்தைக்கு வேலை உண்டு.

கழுத்துப் பிடிப்பு, விரல் விறுவிறுப்பு

பத்தில் எட்டுக்குத் தலையணைதான். புது மெத்தையில் தோள் முன்பைவிட ஆழமாக இறங்குகிறது, பழைய தலையணை அதே உயரத்தில் நிற்கிறது, கழுத்து மேல்நோக்கி வளைகிறது. பக்கமாகப் படுத்திருக்கும்போது வீட்டில் ஒருவரை உங்கள் முதுகுப் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் வரவேண்டும். தலை மேலே நின்றால் தலையணையை மெல்லியதாக்குங்கள், கீழே தொங்கினால் தலையணைக்கு அடியில் மடித்த துவாய் ஒன்று. துவாயால் சரியான உயரத்தைக் கண்டுபிடித்த பிறகு கடைக்குப் போனால் வீண் செலவில்லை. விறுவிறுப்பு பகலிலும் நின்றாலோ கையில் பலம் குறைந்தாலோ வைத்தியர்.

வேர்த்துக் கொட்டுகிறது, முதுகு எரிகிறது

மெத்தை வந்த பொலித்தீன் உறை இன்னும் மேலேயே இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். அழுக்குப் படக் கூடாதென்று அப்படியே விட்டு, அதற்கு மேல் விரிப்புப் போட்டுப் படுக்கிற வீடுகளை நான் தொடர்ந்து காண்கிறேன். விரிப்பைத் தூக்கினால் பொலித்தீனில் வியர்வை முத்து முத்தாய் நிற்கும், மூலையில் கறுப்புப் புள்ளி தொடங்கியிருக்கும். பொலித்தீனைக் கிழித்துப் போடுங்கள். அழுக்குக்குப் பயமென்றால் கழுவக்கூடிய பருத்தி உறை போடுங்கள். றெக்சின் உறையும் பொலித்தீனின் அண்ணன்தான்.

அடுத்தது விரிப்பு. பளபளக்கும் பொலியெஸ்டரை எடுத்துவிட்டுப் பருத்தி போடுங்கள். அப்புறம் நுளம்பு வலை: நெருக்கமான வலைக்குள் கூரை ஃபேனின் காற்றுப் பாதிகூட வராது. நிலத்தில் நிற்கும் ஃபேன் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தால் வித்தியாசம் தெரியும். வலையைக் கழற்றச் சொல்லமாட்டேன், டெங்கு உள்ள ஊர்.

இவ்வளவும் செய்தும் எரிச்சல் நின்றால் ஃபோமின் இயல்பே அதுதான். உடம்பை அணைத்துப் பிடிக்கிற பொருள் சூட்டையும் பிடித்து வைக்கும். 'ஜெல்' கலந்தது என்று விற்பது படுத்த முதல் சற்று நேரம் குளிரும், விடியும்வரை தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏசி இல்லாத அறையில் வேர்வையே பெரிய பிரச்சினை என்றால் மெமரி ஃபோம் வாங்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். இயற்கை றப்பர் மெத்தை, அல்லது மேலே மெல்லிய ஃபோம் வைத்த ஸ்பிரிங் மெத்தை இந்த ஊருக்குப் பொருத்தம். விற்கிறவர்கள் இதைச் சொல்வது குறைவு.

மணம்

*புது மெத்தை, பெயின்ற் மாதிரி மணம்:* ஃபோமிலிருந்து கழியும் வாயு. உறையைத் திறந்து காற்றோட்டமான அறையில் சில நாள் விடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் அடங்கும். தலையிடியோ இளைப்போ வருபவர் அந்த அறையில் படுக்க வேண்டாம். ஒரு மாதம் கழிந்தும் மூக்கைப் பிடுங்கினால் திருப்பிக் கொடுங்கள்.

*பழைய மெத்தை, புளிச்ச மணம்:* ஈரம். அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுகிற பழக்கத்தில் இதையும் முற்றத்தில் காயப்போடுவார்கள். செய்ய வேண்டாம். நேர் வெயில் ஃபோமை மஞ்சளாக்கிப் பொடியாக்கும். விறாந்தை நிழலில், கடற்காற்றில், நிமிர்த்தி வைத்து நாள் முழுக்க விடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியே வராது. கறையை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கறுப்புப் பூஞ்சணம் ஃபோமுக்குள்ளேயே இறங்கிவிட்டால் எறிவதைத் தவிர வழியில்லை, வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அன்றைக்கே.

நாரிக்கு எண்ணெய் பூசிவிட்டு அப்படியே ஃபோமில் படுப்பதாலும் இந்த மணம் வரும். எண்ணெய் போட்ட இரவுக்குப் பாயும் பழைய துணியும்தான்.

இரண்டு பேரும் நடுவுக்கு உருள்கிறோம்

முதலில் கட்டிலின் நடுச்சட்டம், மேலே சொன்ன முழங்கால் பரீட்சை. அது சரியென்றால் இருவரின் எடை வித்தியாசம். 6க்கு 6 கட்டில் என்றால், 6க்கு 3 அளவில் இரண்டு மெத்தை, ஆளுக்கேற்ற இறுக்கத்தில் எடுத்து அருகருகே போட்டு ஒரே விரிப்பு விரிப்பதுதான் மலிவான வழி.

சுருட்டி வந்த மெத்தை விரியவில்லை, அல்லது கட்டிலுக்குள் வளைந்து நிற்கிறது

விரிய 24 மணித்தியாலம், சிலவேளை 72 வரை எடுக்கும். மூன்று நாளுக்குப் பிறகும் ஒரு மூலை தாழ்ந்திருந்தால் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். வளைந்து நின்றால் அளவுப் பிழை. எங்கள் பழைய கட்டில்கள் பல 72 அங்குல நீளம், இறக்குமதி மெத்தைகள் 75, 78 அங்குலமும் வரும். கடைக்குப் போகுமுன் கட்டிலின் உள்ளளவை எடுத்துக்கொண்டு போங்கள். ஃபோமை வெட்டிச் சிறிதாக்கலாம், நானே செய்து கொடுக்கிறேன், ஆனால் வெட்டிய அந்த நிமிடமே வொரண்டி போய்விடும்.

மாற்றியே ஆகவேண்டும்: கடையில் பார்ப்பது

தடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். 10 அங்குலத்தில் ஒரு அங்குலம்தான் மெமரி ஃபோம் என்று இருக்கலாம். மேலே 2 முதல் 3 அங்குலம் மெமரி ஃபோம், கீழே உறுதியான சாதாரண ஃபோம் என்பதே நடைமுறையில் நன்றாக உழைக்கும் அமைப்பு. முழுக்க மெமரி ஃபோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் விலகி வாருங்கள், இந்தச் சூட்டில் அது சேறு.

கேட்க வேண்டியது அடர்த்தி. மெமரி அடுக்கு கனமீற்றருக்கு 50 கிலோவாவது, கீழ் அடுக்கு 30 கிலோ அளவில். அடர்த்தி வேறு, இறுக்கம் வேறு. அடர்த்தி எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் சொல்லும், இறுக்கம் படுத்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும். கடைக்காரருக்கு அடர்த்தி தெரியாவிட்டால் நிறுவையைக் கேளுங்கள். 6 அடிக்கு 5 அடி, 6 அங்குலத் தடிப்பு, அதில் 2 அங்குலம் மெமரி ஃபோம் என்றால் உறை இல்லாமலே 15, 16 கிலோ வரவேண்டும். சுருட்டிய மெத்தையின் பெட்டியிலேயே நிறை அச்சிட்டிருப்பது வழக்கம். 9, 10 கிலோ என்றால் பாதிக் காசு காற்றுக்குக் கொடுக்கிறீர்கள்.

உள்ளங்கையை அமத்தி எடுங்கள். கைத்தடம் சில விநாடி நின்று மெல்ல மறைந்தால் மெமரி ஃபோம். எடுத்த உடனே மேலே வந்தால் சாதாரண ஃபோம், மெமரி விலை கொடுக்க வேண்டாம். உறையில் ஸிப் இருந்தால் திறந்து அடுக்குகளைக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் முதலில் லேபிளைப் பாருங்கள். சில மலிவு இறக்குமதிகளில் தீப்பிடிக்காமலிருக்க உள்ளுறையில் கண்ணாடி இழை சேர்ப்பார்கள். அதைத் திறந்தால் வீடு முழுக்க அரிக்கும் தூசு.

செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழமையாகப் படுக்கிற விதத்தில் பத்து நிமிடமாவது படுங்கள். வெட்கம் பார்க்க வேண்டாம். கடை ஏசியில் கிடக்கிறதென்றால், அங்கே "கொஞ்சம் இறுக்கம்" என்று படுவதையே எடுங்கள். வீட்டுச் சூட்டில் அது நடுத்தரமாகும். 80 கிலோவுக்கு மேற்பட்டவர் 8 அங்குலத்துக்குக் குறைய எடுக்க வேண்டாம்.

இரண்டு பேருக்கு இது வேண்டாம். ஒன்று, கைக்குழந்தை. முகம் புதைந்தால் திருப்பத் தெரியாது, மூச்சு முட்டும். கடினமான மட்டமான படுக்கைதான் குழந்தைக்கு. மற்றது, எழும்ப இயலாத நோயாளி. மெமரி ஃபோம் அழுத்தத்தைக் குறைக்கும் என்பது சரி, ஆனால் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரத்தான் செய்யும். எந்த மெத்தை என்று தாதியிடம் கேட்டு முடிவெடுங்கள்.

பில்லில் மெத்தையின் வகை, தடிப்பு, அடர்த்தி மூன்றையும் எழுதி வாங்குங்கள். வொரண்டிச் சீட்டில் எத்தனை அங்குலக் குழிக்கு மாற்றித் தருவார்கள் என்று இருக்கும், அதையும் வாசியுங்கள். கறை பட்டாலும் பிழையான கட்டிலில் போட்டாலும் வொரண்டி செல்லாது என்பது சிறிய எழுத்தில் இருக்கும். சொன்னது ஒன்று தந்தது ஒன்று என்று ஆகி, கடை கைவிரித்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. மெத்தையை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், ஆகவே தும்புத்தடி வைத்து அளந்த படத்தைத் திகதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.